மாசியில் விதை, கத்திரி வெயிலில் வற்றல்: நம்ம ஊர்க் கோடைத் தோட்டம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோடைக் காய்கறிக்கு விதை மண்ணில் விழ வேண்டியது தை கடைசியில், தள்ளிப்போனால் மாசி பாதிக்குள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு சேர்ந்து தோட்டம் போடலாம் என்று சித்திரையில் விதைப் பாக்கெட் வாங்குகிறவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த விதை முளைத்து நாலு இலை விடுவதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும், போரில் தண்ணீர் இறங்கியிருக்கும், பாறை மேல் ஒரு அடி செம்மண் மட்டும் இருக்கிற இடமாக இருந்தால் மேலிருந்தும் சூடு, கீழிருந்தும் சூடு. பிஞ்சுச் செடி அதைத் தாங்காது. அதே செடிக்கு அந்த நேரத்தில் அறுபது நாள் வயது ஆகியிருந்தால் வேர் ஆழம் பிடித்திருக்கும், அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கேட்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். மாசியில் விதைக்க வேண்டும், பங்குனி சித்திரையில் பறிக்க வேண்டும், மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும் புதிதாக எதையும் நடாமல் மிஞ்சுகிற காயையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிக் காயவைக்க வேண்டும். செடியை வாட்டுகிற அதே வெயில்தான் வற்றலுக்கு வேண்டிய வெயில், அதை வீணாக்கக் கூடாது. எது அன்றன்றைக்குச் சட்டிக்குப் போகும், எது வற்றலுக்குப் போகும் என்பதை விதை போடும்போதே யோசித்துவிட்டால் எந்தச் செடி எத்தனை வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ராத்திரியில் குளிர்ந்துவிடும், கோடையிலும் பீன்ஸும் கோஸும் வரும். நான் சொல்வது தர்மபுரி, பென்னாகரம், காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, அரூர், ஊத்தங்கரை மாதிரி சூடான பக்கத்துக்கு.

சரி, என்ன போடலாம்? கொத்தவரை, வெண்டை, மிளகாய், கத்தரி, பாகல், பீர்க்கு, சுரை, பரங்கி, வெள்ளரி, தண்டுக்கீரை. இதில் மிளகாயும் கத்தரியும் நாற்று விட்டு நடுகிற செடி, மார்கழியிலேயே நாற்றங்காலில் விதைத்திருந்தால்தான் மாசியில் எடுத்து நட முடியும், விட்டுவிட்டீர்கள் என்றால் நர்சரியில் நாற்று வாங்கி நடுங்கள். கொடி அவரையை மட்டும் இந்தப் பட்டத்தில் போட வேண்டாம். பகல் குறுகி ராத்திரி நீளும்போதுதான் அது பூக்கும், மாசியில் போட்டால் பந்தலையே மூடுகிற அளவுக்குக் கொடி ஓடும், பூ மட்டும் வராது.

ஒரே ஒரு செடிதான் போட இடமிருக்கிறது என்றால் நான் கொத்தவரையைச் சொல்வேன். நம்ம செம்மண்ணுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் அது மாதிரி ஒத்துப்போகிற காய் வேறு இல்லை. பந்தல் வேண்டாம், குச்சி வேண்டாம், நாற்று வேண்டாம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி விட்டு நேராக விதையை ஊன்ற வேண்டியதுதான். பயறு வகைச் செடி என்பதால் காற்றிலிருக்கிற தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே பிடித்துக்கொள்ளும், அதற்கு உதவியாக ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரம் வாங்கி ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, நிழலில் கொஞ்ச நேரம் உலர்த்தி விதைத்தால் இன்னும் நல்லது. வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். யூரியா போடாதீர்கள், இலைதான் தழைக்கும். பூசா நவ்பகார் என்கிற ரகம் விதைக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். விதைத்த ஐம்பது நாள் வாக்கில் காய் வரும், அதற்கப்புறம் நீங்கள் பறிக்கப் பறிக்கத்தான் மேலே பூ வைத்துக்கொண்டு போகும். விதை புடைத்துத் தெரிகிற காய் நார் விழுந்த காய், அதைப் பொரியலுக்குச் சேர்க்காதீர்கள்.

வெண்டை விதையை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காலையில் ஊன்றுங்கள், செடிக்குச் செடி ஒரு அடி. வெண்டைக்கு இங்கே பெரிய எதிரி நரம்பு மஞ்சளாகிற நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது, வந்துவிட்டால் மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு மற்றதைக் காப்பாற்ற வேண்டியதுதான். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கின ரகம். காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், மூன்றாம் நாள் பார்த்தால் விறகாகியிருக்கும்.

கொடிக் காய்களுக்கு முதலில் பந்தல். நம்ம பக்கம் கல்தூணுக்குக் குறைவில்லை, நாலு கல் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் பல வருடத்துக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டாம், இல்லாதவர்களுக்கு வேலியோ வேப்பமரக் கிளையோ போதும். பரங்கியைத் தரையிலேயே ஓடவிடலாம். கொடி வைத்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, பூ பூக்கிறது, கொட்டிப் போகிறது, காய் நிற்கவில்லை என்று. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள். வெயில் ஏற ஏற ஆண் பூ அதிகமாகி, பெண் பூ குறையும், மாசியிலேயே போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். ஊருக்குள் தேனீ குறைந்துவிட்டது, அந்த வேலையை நாமே செய்துவிடலாம். பரங்கிப் பூ விடியற்காலையில் விரியும், எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வாடத் தொடங்கிவிடும், அதனால் காபி குடிப்பதற்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போய்விடுங்கள். பூவுக்குக் கீழே குட்டிப் பரங்கி மாதிரி உருண்டையாக ஒரு பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண், வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண். ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழை எல்லாம் கிழித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி ஒட்டிய தண்டு நிற்கும். விரலில் தொட்டால் பொடி ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டவில்லை என்றால் வேறு பூ எடுங்கள். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற பிசுபிசுப்பான முடிச்சில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குத் தாராளமாகப் போதும். நாலைந்து நாளில் பிஞ்சு பச்சையாகவே பெருத்துத் தலை கவிழ்ந்தால் காய் நின்றுவிட்டது. பாகலுக்கும் வெள்ளரிக்கும் காலை நேரம்தான், ஆனால் பீர்க்கும் சுரையும் சாயந்தரம் பூக்கிற கொடி. காலையில் போய் மூடின பீர்க்கம்பூவைப் பார்த்துவிட்டு இது பூக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, ஐந்து ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள், மஞ்சளாக விரிந்திருக்கும்.

பிஞ்சில் குத்தின அடையாளம் தெரிந்து, அந்த இடத்தில் கோந்து வடிந்து, காய் கோணிக்கொண்டு போனால் பழ ஈ வந்துவிட்டது. அந்தக் காயைச் செடி ஓரத்தில் வீசாமல் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள், வெளியே கிடந்தால் உள்ளே இருக்கிற புழு மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பி வரும். நல்ல பிஞ்சுக்கு நியூஸ்பேப்பர் உறை மாட்டிவிடலாம், வீட்டுத் தேவைக்கு வைத்த கொடிக்கு அதுவே போதும்.

இனி தக்காளி. கோடைத் தோட்டம் என்றாலே முதலில் தக்காளிதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் செத்துப்போகும், பூ உதிரும். தப்பித்து வந்த காயும் 30 டிகிரிக்கு மேல் செம்மையாகச் சிவக்காது, ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கும். கார்த்திகை மார்கழியில் நட்ட செடி பங்குனி வரைக்கும் காய்த்தால் அதோடு சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நம்ம மாவட்டக்காரர்களுக்கு ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. விலை விழுகிற நாளில் பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்கவே மனசு ஆறாது. அந்தச் சமயத்தில் ஒரு பெட்டி விவசாயியிடமே நேராக வாங்கித் தொக்கு போட்டு வையுங்கள், அவருக்கும் நாலு காசு, உங்களுக்கும் வருடத்துக்கு ஆகும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். மத்தியானம் பரங்கி, சுரை இலையெல்லாம் தொங்கும், பார்த்துவிட்டுப் பதறி ஓடித் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது வெயிலுக்குச் செடி செய்கிற ஏற்பாடு, ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடும். சாயந்தரமும் நிமிரவில்லை, காலையிலும் தொங்குகிறது என்றால்தான் தண்ணீர் பற்றவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெளிப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேர் நனைய ஊற்றுவது மேல், வேர் ஆழம் போகும். கொடிகளுக்கு நடுவே வண்ணம் பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்து வரைக்கும் புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால் அது சுற்றியுள்ள வேருக்குக் கசிந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். செடியைச் சுற்றி மண் தெரியவே கூடாது, மாந்தோப்புச் சருகு, நிலக்கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், எது கிடைக்கிறதோ அதை நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். நம்ம போர் தண்ணீரில் உப்பு அதிகம், தொட்டியிலும் பையிலும் செடி வைத்திருக்கிறவர்கள் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் ஒழுகும் அளவுக்கு ஒரு தடவை நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள். அரிசி கழுவின தண்ணீரையும் வீணாக்காமல் ஊற்றுங்கள்.

பூச்சிக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயந்தரத்தில் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும். வெள்ளை ஈக்கு, மஞ்சள் பெயிண்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டி வையுங்கள். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, வாடின இடத்துக்குக் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள்.

சமையல் பற்றி நம்ம ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் இரண்டு மூன்று. தண்டுக்கீரையைப் பூண்டு, பச்சைமிளகாய், கொஞ்சம் புளியோடு வேகவைத்துக் கடைந்து சூடான கேழ்வரகுக் களிக்கு ஊற்றிக்கொண்டால் கோடைக்கு அதுவே சாப்பாடு. கொத்தவரைப் பொரியலுக்குத் தேங்காய்க்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் பொடித்துத் தூவுங்கள், அதன் லேசான கசப்பு அடங்கிவிடும். பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடாதீர்கள், உளுந்தும் புளியும் சேர்த்து வதக்கித் துவையல் அரையுங்கள்.

இப்போது வற்றல். கொத்தவரையில் தொடங்கலாம். நார் விழாத பிஞ்சாகப் பொறுக்கி இரண்டு நுனியும் கிள்ளிவிட்டு முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கல்லுப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டுக் காயைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம், நிறம் பளிச்சென்று பச்சையாக மாறினதும் வடித்துவிட வேண்டும். வேகக் கூடாது. இந்தக் கொதி எதற்கென்றால், காய்க்குள் இருக்கிற நிறத்தையும் ருசியையும் கெடுக்கிற நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கும், பச்சையாகக் காயவைத்தால் வைக்கோல் வாசனை வரும். பழைய வேட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள், பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே வலைத்துணி ஒன்று போட்டால் ஈயும் தூசியும் அண்டாது. சாயந்தரம் நாலரை ஐந்துக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும், சித்திரையில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு ராத்திரியில் இடியும் காற்றுமாக மழை அடிக்கிற ஊர் இது. மூன்று நாலு நாளில் ஒடித்தால் சத்தம் கேட்கும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். 1 கிலோ காய் 200 கிராமுக்குள் நின்றுவிடும். கத்தரியையும் இதே மாதிரிதான், நீளவாக்கில் நாலாக நறுக்கின உடனே உப்புத் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெண்டையையும் பாகலையும் கொதிக்கவிடாமல் வட்டமாக நறுக்கி உப்பிட்ட புளித்த தயிரில் பிரட்டிக் காயவையுங்கள்.

மோர் மிளகாய்க்கு சதைப்பற்றான, குட்டையான, காரம் மிதமான மிளகாய் வேண்டும். அரை கிலோ மிளகாய்க்கு நன்றாகப் புளித்த கெட்டி மோர் அரை லிட்டர், கல்லுப்பு 75 கிராம். காம்பைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் விதை கொட்டும். கழுவித் துடைத்து அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு மோரில் ஊறவிடுங்கள், பீங்கான் ஜாடியோ கண்ணாடியோ இருக்க வேண்டும், அலுமினியம் ஆகாது. இரண்டு நாள் ஊறினால் பச்சை போய் வெளிறிவிடும். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் போட்டு, சாயந்தரம் சூடு ஆறினதும் மறுபடி அதே மோரில் போட வேண்டும். காலையில் வெயில், ராத்திரியில் மோர், இப்படியே போனால் ஒவ்வொரு நாளும் மோர் குறையும், மிளகாய் அதைக் குடித்து வெள்ளை ஏறும், ஜாடியில் மோர் வற்றின பிறகு வெயிலில் மட்டும் கலகலவென்று ஆகிற வரைக்கும் காயவையுங்கள். உப்பை மட்டும் குறைக்காதீர்கள், முதல் இரண்டு நாள் மிளகாயைக் கெடாமல் காப்பதே அந்த உப்பும் புளிப்பும்தான். கேழ்வரகுக் கூழுக்கு இதுவும் கொத்தவரை வற்றலும் வைத்துக்கொண்டால் வேறு ஒன்றும் தேடாது.

கத்திரி வெயில் சமயத்தில் காற்றடித்தால் தோப்புகளில் பெங்களூரா மாங்காய் ஏராளமாக உதிரும், மலிவாகவும் கிடைக்கும். அடிபட்ட இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, கொட்டையோடு கீறி உப்பும் மஞ்சளும் பிசறி ஒரு ராத்திரி வைத்துக் காயவைத்தால் மாங்காய் வற்றல், புளிக்குப் பதிலாக வருடம் முழுக்கக் குழம்பில் போடலாம்.

தக்காளித் தொக்குக்கு, 1 கிலோ பழம், புளி 50 கிராம், மிளகாய்த் தூள் 50, உப்பு 50, நல்லெண்ணெய் 150 மில்லி, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சின்ன ஸ்பூன், தாளிக்கக் கடுகு. வெடித்த பழமும் அழுகின பழமும் சேரக் கூடாது. தண்ணீர் சுண்டி, கரண்டி இழுத்தால் தடம் மூடாமல் நின்று, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்குகிற வரைக்கும் கிளற வேண்டும், அவசரப்பட்டால் பத்தே நாளில் பூஞ்சை பூக்கும். புளியை விட்டுவிடாதீர்கள், சில தக்காளியில் புளிப்புக் குறைவாக இருக்கும், புளிப்புதான் தொக்கைக் காக்கிறது. பாட்டிலில் தொக்கின் மேல் எண்ணெய் நிற்க வேண்டும், ஈரக் கரண்டி படக் கூடாது. இன்னொன்று, பச்சைப் பூண்டையும் பச்சைக் காயையும் புளிப்பு, உப்பு இல்லாமல் வெறும் எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைக்கிற பழக்கம் வேண்டாம். காற்று புகாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான கிருமி வளரும், வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது.

பரங்கிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தோலில் நகம் இறங்காத அளவுக்கு முற்றின பிறகு இரண்டு அங்குலம் காம்பு விட்டு அறுத்து, காற்றோட்டமான நிழலில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள்.

வற்றலைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள், ஆறவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி பாட்டிலிலோ போடுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள், மூடியின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் முழுவதையும் மறுபடி ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும். ஆடிக் காற்றும் மழைச் சாரலும் வந்ததும் எல்லா வற்றலும் கொஞ்சம் நமுத்துப்போகும், வெயில் அடிக்கிற ஒரு நாளில் திரும்பவும் காயவைத்து எடுத்துவையுங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை பிடித்ததைத் தட்டித் துடைத்துப் பொரிக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

ஆடிப்பட்டத்துக்கு விதை வேண்டுமென்றால் நோயில்லாத இரண்டு வெண்டைச் செடி, நாலு கொத்தவரைச் செடியில் கத்திரி வெயில் தொடங்கியதும் பறிப்பதை நிறுத்தி, காயைச்ச் செடியிலேயே காய விட்டுவிடுங்கள். காய் பழுப்பாகி ஆட்டினால் விதை சத்தம் கேட்கும்போது உடைத்து, நிழலில் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலில் பிரட்டித் துணியில் முடிந்து வைக்கலாம். பாக்கெட்டில் ஹைப்ரிட் அல்லது எஃப்1 என்று போட்டிருந்த விதையில் வந்த செடியானால் விதை எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறையில் காய் ஒரே மாதிரி வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.